தரம் 6 மகளுக்கு மேசைக்கணினி: புதியதா, பாவித்ததா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாயின் கேள்வி, 2025 ஜனவரி 11

அண்ணன், மகள் இந்த வருடம் தரம் 6இற்குப் போகிறாள். வீட்டுக்கு ஒரு மேசைக்கணினி எடுக்க இருக்கிறோம். மட்டக்களப்பு நகரத்தில் புதிய பெட்டி ஒன்றும், கல்முனையில் பாவித்த "ஐ5" பெட்டி ஒன்றும் காட்டினார்கள். பாவித்தது புதியதன் விலையில் பாதிகூட வராது. அதை நம்பி எடுக்கலாமா? மகளின் மாமா மடிக்கணினிதான் நல்லது என்கிறார்.

2025 ஜனவரி 12

பாவித்ததையே எடுங்கள் தங்கச்சி. ஆனால் "ஐ5" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு எடுக்க வேண்டாம். அது கணினியின் மூளையான இன்டெல் புரொசசரின் வகைப்பெயர்.

2019இல் என் மகள் தரம் 6இற்குப் போனபோது நானும் இப்படித்தான் ஒரு கடையில் நின்றேன். கடைக்காரர் ஐ5 என்றார். ஐ3 சிறியது, ஐ5 பெரியது என்ற என் கணக்கில் நானும் காசைக் கொடுத்து, பெட்டியை மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலம் கடந்து வீட்டுக்கு வந்தேன். வந்தபிறகுதான் முழுப் பெயரைப் பார்த்தேன்: ஐ5-2400. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் தலைமுறையைச் சொல்லும். 2 என்றால் இரண்டாம் தலைமுறை, அதாவது 2011இல் சந்தைக்கு வந்த புரொசசர். எட்டு வயதான பெட்டியை நான் புதுமாப்பிள்ளை போல அழைத்து வந்திருக்கிறேன். அந்த நேரத்தில் கிடைத்த ஐ3-8100கூட அதைவிட வேகமானது.

ஆகவே கடையில் பெட்டியை இயக்கச் சொல்லுங்கள். டாஸ்க் மனேஜரைத் திறந்தால் புரொசசரின் முழுப் பெயர் அங்கே இருக்கும். கோட்டுக்குப் பின்னால் நான்கு இலக்கங்கள் இருந்து முதல் இலக்கம் 8 அல்லது 9 ஆக இருந்தால் எடுக்கலாம். ஐந்து இலக்கங்கள் இருந்து 10, 11 என்று தொடங்கினால் இன்னும் நல்லது. எட்டைக் கோடாக நான் கிழிப்பதற்குக் காரணம் உண்டு. வரும் ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நிற்கின்றன. விண்டோஸ் 11 இன்டெல் புரொசசர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்தே முறைப்படி ஏற்கப்படுகிறது. அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் பெட்டிகளில் டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்சென்டர் எம்720 ஆகியவை அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. ஒப்டிபிளெக்ஸ் 3020, 3050 என்று கண்டால் வெளியில் அதே முகம்தான் இருக்கும், உள்ளே ஆள் மூத்தவர்.

அதே நாள், இரவு

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். பெட்டியில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பகுதி இல்லாத வேகமான சேமிப்பகம், இருக்க வேண்டும். சுழலும் வன்தட்டு மட்டுமே உள்ள பெட்டியைத் தந்தால், அதன் விலையைக் குறைக்கச் சொல்லி எஸ்எஸ்டியை வேறாகப் போட்டுக்கொள்ளுங்கள். என் மகளின் பெட்டி அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடிக்கும் வரை திறக்காமல் கிடந்தது. 2021இல் எஸ்எஸ்டி மாற்றியபின் தண்ணீர் கொதிக்க முன்னரே திறந்துவிடுகிறது. பழைய வன்தட்டை வைத்தே தீர வேண்டுமென்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அது ஓடிய மணித்தியாலங்களைப் பாருங்கள். என்னுடையதில் 31,000 இருந்தது. ஒரு வருடத்துக்கு 8,760 மணித்தியாலங்கள் என்று வகுத்துப் பார்த்தால், அந்தத் தட்டு இரவு பகலாக மூன்றரை வருடம் சுழன்றிருக்கிறது.

2025 ஜனவரி 14

விலை எவ்வளவு என்று பலர் கேட்கிறீர்கள். நான் எழுத மாட்டேன். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதை எட்டியபோது, அதற்கு முன் நான் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியலைக் காட்டி ஒரு நண்பர் கடையில் சண்டை போட்டார்.

புதியதை ஏன் வேண்டாமென்கிறேன் என்று தங்கச்சி திரும்பக் கேட்டிருக்கிறா. தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பிள்ளை எதைச் செய்யப்போகிறது என்று பாருங்கள்: சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், முன்வைப்பு, பிறகு சாதாரண தரத்தில் தரவுத்தளம், இணையப்பக்கம், பஸ்கால் நிரல். உயர்தரத்தில் அந்தப் பாடத்தை எடுத்தால் பைதன். இவற்றில் எதுவும் 8 ஜிபி ராமுக்கு (வேலை நேரத்து நினைவகம்) மேல் கேட்பதில்லை. தேவைப்பட்டால் பிறகு இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். பெட்டியில் மிஞ்சும் காசைத் திரைக்குப் போடுங்கள். பிள்ளை நாளெல்லாம் பார்க்கப்போவது திரையை. பாவித்த பெட்டியோடு இனாமாகத் தள்ளிவிடும் 17 அங்குலச் சதுரத் திரைகளின் பின்வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சளித்திருக்கும். 22 அங்குலத்தில் புதிய ஐபிஎஸ் திரை (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை) ஒன்றை எடுங்கள். பெட்டியில் எந்தத் துளை இருக்கிறது, திரையில் எந்தத் துளை இருக்கிறது என்று கடையிலேயே பொருத்திப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு வயர் தேடி நான் ஒரு பின்னேரம் முழுக்க நகரத்தைச் சுற்றியிருக்கிறேன்.

2025 ஜனவரி 19

மடிக்கணினிதான் நல்லது என்று மாமா சொன்னதை நான் எடுத்த எடுப்பில் தள்ளிவிட்டேன் என்று வாகரையிலிருந்து ஒரு ஆசிரியர் குறைப்பட்டிருக்கிறார். அந்த ஆசிரியர் வாடகை வீட்டில் இருப்பவர். மூன்று வருடத்தில் இரண்டு வீடு மாறியவர். மழைக்காலத்தில் பொருட்களை உயரத்தில் தூக்கி வைக்க வேண்டிய வீடு அது. அவருக்கு மடிக்கணினிதான் சரி, நான் எழுதியது பிழை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் சூமுக்கு வந்தபோது, என் மகளின் மேசைக்கணினியில் கமராவும் இல்லை, மைக்கும் இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்டால் அவள் என் தொலைபேசியில் ஒரு கையும் கணினியில் ஒரு கையுமாகப் பதில் சொன்னாள். மேசைக்கணினி எடுக்கிறவர்கள் மைக் உள்ள ஹெட்செட் ஒன்றையாவது சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஆனால் இருக்கிற இடத்தைவிட்டு நகராத வீட்டுக்கு என் விடை மேசைக்கணினிதான். விசைப்பலகையில் தேநீர் ஊற்றினால் விசைப்பலகை மட்டும் போகும். மடிக்கணினியில் ஊற்றினால் என்ன ஆகும் என்று என் தம்பியிடம் கேளுங்கள், மூன்று வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

2025 பெப்ரவரி 10

நேற்று ஞாயிற்றுக்கிழமை முற்பகல் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது உங்களுக்குத் தெரியும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாகக் காரணம் சொல்லப்பட்டது. இன்று காலை எனக்கு வந்த முதற் கேள்வி "அண்ணன், குரங்கைத் தாங்கும் யூபிஎஸ் இருக்கிறதா?" என்பது.

யூபிஎஸ், அதாவது மின்சாரம் நின்றால் கொஞ்ச நேரம் பேட்டரியில் கணினியை ஓட்டும் பெட்டி, கட்டாயம் எடுங்கள். கொள்திறன் 650 விஏ போதும். எட்டாம் தலைமுறை அலுவலகப் பெட்டியும் ஒரு எல்இடி திரையும் எழுத்து வேலையின்போது சேர்ந்து ஐம்பது, அறுபது வாட்டைச் சுற்றியே இழுக்கும். புதிய பேட்டரியில் பத்திலிருந்து இருபது நிமிடம் கிடைக்கும். வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக மூடுவதற்கு அது தாராளம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, யூபிஎஸ்ஸில் மின்விசிறியைப் போடலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதற்குரிய பொருள் அது அல்ல.

உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்மணி ஈய பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். அப்போது யூபிஎஸ்ஸை எறிந்துவிடாமல் பேட்டரியை மட்டும் மாற்றலாம்.

2025 பெப்ரவரி 11

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் குத்த வேண்டாம். தாளைச் சூடாக்கும் உருளை ஒவ்வொரு முறையும் பெருமளவு மின்சாரத்தை ஒரே இழுவையாக இழுக்கும், யூபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். கேட்ட ஏறாவூர் நண்பருக்கு விடை அவ்வளவுதான்.

2025 மார்ச் 2

யூபிஎஸ்ஸைப் பற்றி இவ்வளவு எழுதியவன் அதற்கு முன் எழுதியிருக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. தங்கச்சி நேற்று, "பெட்டியைத் தொட்டால் மகளுக்குக் கை கூசுகிறதாம், மூத்தவளின் கற்பனையா?" என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. கற்பனையல்ல.

2019இல் என் மகள் ஒரு பின்னேரம் குளித்துவிட்டு வந்து, வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நின்றபடி யூஎஸ்பி ஒன்றைக் குத்தப் போனவள், கையை இழுத்துக்கொண்டு "அப்பா, பெட்டி கடிக்குது" என்றாள். நான் சிரித்தேன். தொட்டும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி சொன்னபோதுதான் என் காலில் ரப்பர் செருப்பு இருப்பது உறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் பெட்டியின் பின்தகட்டைத் தடவினேன். எறும்பு ஊர்வது போன்ற ஒரு கூச்சம், விரலை அழுத்தினால் மறைந்தது, தடவினால் திரும்ப வந்தது.

காரணம் இதுதான். கணினியின் மின்வழங்கிக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறிய மின்தேக்கிகள் மின்கம்பிகளுக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் சிறு மின்னோட்டத்தை எர்த் கம்பி நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் பாதியளவில் மிதந்துகொண்டிருக்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் கூசுவதோடு நிற்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்கு எர்த் இல்லை என்பதை அது காட்டிக் கொடுத்துவிட்டது. நாளை உள்ளே உண்மையாகவே ஒரு கம்பி கழன்று தகட்டில் பட்டால், நிலத்துக்குப் போகும் வழியாகப் பிள்ளையின் உடம்புதான் இருக்கும்.

எங்கள் வீடு பழையது. சுவரில் உருண்டை ஓட்டைப் பிளக், கணினியின் வயரில் தட்டையான 13 அம்பியர் பிளக். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு மலிவான மாற்றியை வைத்திருந்தேன், அதில் எர்த் ஊசியே இல்லை. அதை மாற்றிய பிறகும் கூச்சம் போகவில்லை. கடைசியில் மின்வேலை செய்யும் ஒருவரை அழைத்துச் சுவர்ப் பிளக்கைக் கழற்றியபோது மூன்று ஓட்டைகள் இருந்தன, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்கவில்லை. வீடு கட்டிய நாளிலிருந்து அது ஓர் அலங்காரமாகவே இருந்திருக்கிறது. புதிய எர்த் கம்பி இழுத்து முடிக்க ஒரு நாள் ஆனது, செலவு எஸ்எஸ்டியை விடக் குறைவு.

ஆகவே தங்கச்சி, அது திருத்தப்படும் வரை பெட்டியை இயக்க வேண்டாம். நீங்களாகச் சுவரைக் கழற்றவும் வேண்டாம்.

2025 மார்ச் 9

திருத்தியாகிவிட்டதாம். களுவாஞ்சிக்குடியிலும் மூன்றாவது ஓட்டை வெறுமையாகவே இருந்ததாம்.

2025 ஏப்ரல் 20

சம்மாந்துறைத் தம்பி ஒருவர், மகன் கேம் விளையாட கிராபிக்ஸ் கார்ட் கேட்கிறான், ஒப்டிபிளெக்ஸ் சிறிய பெட்டியில் போடலாமா என்று கேட்கிறார். போடலாம், ஆனால் குட்டையான கார்ட் மட்டுமே உள்ளே நிற்கும். வேறு மின்வயர் கேட்காத கார்டாகவும் இருக்க வேண்டும். அந்தச் சிறிய பெட்டியின் மின்வழங்கி 200 வாட்தான். கடையில் விற்கும் சாதாரண மின்வழங்கியை வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், டெல் அதன் தாய்ப்பலகைக்குத் தனியான இணைப்பியை வைத்திருக்கிறது. விளையாட்டை முதல் நாளிலிருந்தே எண்ணியிருக்கும் வீடு என்றால் நான் ஜனவரியில் எழுதியது உங்களுக்குப் பொருந்தாது. பெரிய பெட்டியாக, சாதாரண மின்வழங்கியோடு எடுங்கள்.

என் மகனும் அதையே கேட்கிறான். ஓகஸ்ட்டில் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று அவனுடைய அம்மா அறிவித்துவிட்டா.

2025 மே 18

எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். விறாந்தையை ஒட்டிய ஹாலில், போகிறவர் வருகிறவர் கண்ணில் திரை படும்படி வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே திரையை வைத்தால் பகலில் ஒன்றும் தெரியாது. சாப்பாட்டு மேசை பெரியவர்களுக்கு அளவெடுத்தது. பதினொரு வயதுப் பிள்ளை பிளாஸ்டிக் கதிரையில் அதன்முன் இருந்தால் தோள் காதுவரை ஏறிவிடும், கால் அந்தரத்தில் தொங்கும். நாங்கள் கதிரையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, காலுக்குக் குசினியிலிருந்த பலகைக்கட்டையை வைத்தோம். அன்றிலிருந்து தேங்காய் துருவும் நேரத்தில் வீட்டில் ஒரு சிறிய யுத்தம்.

2025 ஜூலை 6

ஒரு திருத்தம். ஒக்டோபர் 14 என்று ஜனவரியில் நான் பயமுறுத்தியதை நம்பி, ஆறாம் தலைமுறைப் பெட்டியை நட்டத்துக்கு விற்க ஒருவர் புறப்பட்டிருக்கிறார். நில்லுங்கள். விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கு வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்பு இருக்கிறது. அமைவுகளை மைக்ரோசொப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை என்று போன மாதம் அறிவித்திருக்கிறார்கள். புதிதாக எடுக்கிறவர்களுக்கு எட்டு என்ற கோடு அப்படியே இருக்கட்டும். கையில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது திருத்தம் என் ஐ5-2400ஐப் பற்றியது. அதை அவ்வளவு ஏசியிருக்கக் கூடாது. எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, எழுத்து வேலைக்கு லிப்ரே ஒபிஸும் படம் வரைய டக்ஸ் பெயின்ட்டும் வைத்து இன்று மகனின் மேசையில் ஓடுகிறது. பதினான்கு வயதுப் புரொசசர், மகனைவிட மூத்தது.

2025 ஓகஸ்ட் 24

பரீட்சை முடிந்தது. கிராபிக்ஸ் கார்ட் பேச்சு மறுநாளே தொடங்கிவிட்டது.

தங்கச்சியின் மகள் வீட்டில் தட்டிய கட்டுரையைப் பாடசாலையில் திறந்தபோது தமிழைக் காணவில்லையாம், ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடந்தனவாம். பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பா. பாமினியில் "அம்மா" என்று எழுதினால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். யுனிகோடில் அப்படியல்ல, அகரத்துக்கும் மகரத்துக்கும் தனித்தனி எண் உண்டு, எங்கே திறந்தாலும் தமிழாகவே நிற்கும். கல்யாண அட்டை அடிக்கும் அச்சகங்களுக்குப் பாமினி இன்னும் தேவைப்படலாம். பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே யுனிகோடைப் பழக்குங்கள். என் மகளுக்கு நான் பாமினியைப் பழக்கிவிட்டு, சாதாரண தரத்துக்கு முதல் வருடம் விரல்களை மாற்றச் சொன்னேன். அதற்கு அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

2025 ஒக்டோபர் 19

இடி தொடங்கிவிட்டது. மின்னல் நேரத்தில் சுவர்ப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள், ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. எங்கள் வீட்டில் ஒருமுறை மின்சாரத்தைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்தோம். ரவுட்டருக்கு வந்த தொலைபேசிச் செப்புக் கம்பியை மறந்துவிட்டோம். ரவுட்டரும் அதோடு இணைந்திருந்த கணினியின் வலைத்துளையும் ஒன்றாகக் கருகின. இப்போது ஃபைபர் வந்த வீடுகளில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனாலும் ரவுட்டரின் அடப்டர் சுவரில்தானே இருக்கிறது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு: கல்லடியில் எங்கள் வீட்டுப் பெட்டியின் திருகாணிகள் இரண்டு வருடத்தில் துருப்பிடித்தன. மாரியில் ஒரு காலை திரை வராமல் பெட்டி மட்டும் கீச்சிட்டால் பயப்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றி, ராமை எடுத்து, அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பக் குத்துங்கள். பத்தில் ஏழு முறை எனக்கு அதோடு சரியாகியிருக்கிறது. பெட்டியை அணைத்தவுடன் துணியுறையால் மூடுவதையும் நிறுத்துங்கள், சூடும் ஈரமும் உள்ளேயே நிற்கும். உறையை எடுத்துப் பார்த்தபோது எங்கள் பெட்டிக்குள் பல்லி முட்டை இரண்டு இருந்தன.

2025 நவம்பர் 9

ராமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை உலகமெங்கும் ஏறிவிட்டது, பழைய டிடிஆர்4 வகை ராம் உட்பட. இனி எடுக்கிறவர்கள் 16 ஜிபி ஏற்கனவே உள்ள பெட்டியைத் தேடுங்கள். ஜனவரியில் என் பேச்சைக் கேட்டவர்கள் 8இலேயே இருந்துவிடுங்கள், பாடத்துக்கு அது இன்னும் போதும்.

2025 நவம்பர் 16

தங்கச்சி கேட்டது: காலையில் பெட்டியைத் திறந்தால் திகதி 2018 என்று காட்டுகிறது, எந்த இணையத்தளமும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கிறது, வைரஸா?

வைரஸ் இல்லை. தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. பிளக்கைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கணினி திகதியை மறக்கிறது, திகதி பிழைத்தால் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். இடிக்குப் பிளக்கைக் கழற்றச் சொன்னவன் நான்தான், அதனால்தான் இப்போது வெளிப்பட்டிருக்கிறது. சிஆர்2032 என்று கேளுங்கள், கைக்கடிகாரம் திருத்தும் கடையிலும் இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஓரத்திலுள்ள கொக்கியை நகத்தால் தள்ளினால் பழையது எழும்பும். அதை மேசையில் விட்டுவிடாதீர்கள், இளையவள் வாயில் போட்டால் தொண்டை வெந்துவிடும். புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள்.